நாங்கள் என்று எழுதியிருந்தீர்கள்

நீகாத்தா, தை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மா வருத்தப்படுவது நியாயம்தான். போனில் பேசுவதை அவள் கணக்கில் சேர்க்க மாட்டாள்.

இங்கே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. தினமும் வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இந்த ஊர் அரிசிக்கு ஜப்பான் முழுக்கப் பேர், ஆனால் ஒட்டிக்கொள்ளும். ரசம் விட்டுப் பிசைய வராது. அத்தை கொடுத்த புளியில் ஒரு உருண்டை மிச்சம் வைத்திருக்கிறேன்.

கீழ் வீட்டுப் பாட்டிதான் எனக்கு வாத்தியார். வந்த புதிதில் அவரிடம் சூடான "மிசு" கேட்டேன். மிசு என்றால் தண்ணீர். அவருக்குப் புரியவே இல்லை. சுட்டுவிட்டால் அது மிசு இல்லையாம், "ஓயு"வாம். நமக்கும் வெந்நீர் இருக்கிறது. ஆனாலும் சுடுதண்ணி என்கிறோம். தண் என்றால் குளிர்ச்சி என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஒருநாள் சாலையோரம் நிற்கும்போது, "அவோ வந்துவிட்டது, வா" என்றார். அவோ என்றால் நீலம். விளக்கு பச்சை. பச்சைக்கு "மிதொரி" என்று தனிச்சொல் உண்டு. ஆனால் பழைய ஜப்பானில் இரண்டு நிறத்துக்கும் அவோ ஒன்றுதான், அதனால் சிக்னலும் பச்சை ஆப்பிளும் இன்றும் அவோ. 1973-இல் அரசாங்கமே அந்த விளக்கைப் பச்சைக்குள் எவ்வளவு நீலமாக்க முடியுமோ அவ்வளவு நீலமாக்கச் சொன்னது. சொல்லை மாற்ற முடியாமல் விளக்கை மாற்றியிருக்கிறார்கள், அப்பா! நாம் பச்சைப்பிள்ளை என்பதுபோல, அனுபவம் போதாத பையனை இவர்கள் அவோ சேர்த்துத்தான் சொல்வார்கள். இப்போது அந்த விளக்கு என்ன நிறம் என்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, ஊரில் என்ன விசேஷம் என்று பாட்டி கேட்டார். "கிணற்றடி நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். அதை அப்படியே சொன்னேன். இவர்களுக்கு நாம், நாங்கள் இரண்டுக்கும் "வதாஷிதாச்சி" ஒன்றுதான். கேட்பவரைச் சேர்த்தாலும் அதுதான், விட்டாலும் அதுதான். குடும்பமாக முடிவெடுத்திருக்கிறீர்கள், நல்லது என்றார் பாட்டி. நாம் வேறு, நாங்கள் வேறு என்பதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது? பேசாமல் மேலே வந்து படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. நீங்கள் யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நம் வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவதும், என் இடம் காலியாகக் கிடப்பதும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

நிலத்தைச் சித்திரை வரை விற்க வேண்டாம். அப்போது இங்கே தொடர் விடுமுறை வரும், எப்படியும் வந்துவிடுவேன். மாமாவிடம் முன்பணம் வாங்காதீர்கள். பத்திரம் பெரியப்பா வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். தங்கச்சி கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ள முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேளுங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் அனுப்பினேன். ஓவர்டைம் இல்லை, அதனால் நல்ல ஓய்வு கிடைக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கிணற்றில் இப்போது எத்தனை படி வெளியே தெரிகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் மகன்