கொனாக்ரி வானொலியின் ஒலிநாடாக்கள் கினி மக்களின் செவிக்கு எட்ட வேண்டும்

கினிக் குடியரசின் பண்பாட்டு அமைச்சகத்துக்கும், கொனாக்ரியிலுள்ள அரசு வானொலி, தொலைக்காட்சி நிலையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள உங்கள் நாட்டின் இசையை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டுவரும் தமிழ் நேயன் என்ற உரிமையில், உங்கள் வானொலிக் காப்பகத்தின் பழைய ஒலிநாடாக்களைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன்.

1958 செப்டம்பர் 28 அன்று தன் தலைமையிலான கூட்டமைப்பில் தொடருமாறு பிரான்ஸ் முன்வைத்த ஏற்பாட்டை வாக்குச்சீட்டால் மறுத்து, அக்டோபர் 2 அன்று விடுதலை பெற்ற கினி, இசையை அரசின் தலையாய பணிகளுள் ஒன்றாகவே கருதியது. ஐரோப்பிய நடன இசையை வாசித்துவந்த தனியார் குழுக்களை அதிபர் செக்கு தூரே கலைத்தார். மாவட்டந்தோறும் புதிய குழுக்கள் அமைக்கப்பட்டன. கருவிகளை அரசே கொடுத்தது. தேசியக் குழுவினர் அரசுச் சம்பளம் பெற்றார்கள். மக்களிடம் வழங்கிவந்த பழைய பாடல்களைத் தேடி எடுத்து, கிதாரிலும் சாக்சஃபோனிலும் புதிதாக இசைக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி.

அதன் உச்சம் எது என்று கேட்டால், பெய்லா என்ற சிற்றூரில் 1961-இல் தோன்றிய பெம்பேயா ஜாஸ் குழு 1969-இல் வெளியிட்ட இசைத்தட்டைத்தான் சொல்வேன். பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு, 1898-இல் பிடிபட்டு, 1900-இல் காபோனில் நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்த சாமோரி தூரேயின் வரலாறு தட்டின் இரு பக்கங்களையும் நிறைக்கிறது. உரைநடையாகச் சொல்லப்படும் பகுதிகள் பிரெஞ்சில் வருகின்றன. பாட்டு, கினியின் பெரிய மொழிகளுள் ஒன்றான மனிங்காவில் எழுகிறது. பாணர் குடியில் பிறந்த செக்கு ஜபாத்தேயின் மின்கிதார், மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் பாலஃபோனின் நடையிலேயே ஓடுகிறது. பாடகர் அபூபக்கர் தெம்பா கமாரா மூச்சு வாங்கும் இடங்களில் அந்தக் கிதாரே கதையைத் தொடர்ந்து சொல்கிறது. அரசாணையால் மட்டும் இப்படியொரு இசை பிறந்துவிடாது. அரசின் ஆதரவு இல்லாமலும் பிறந்திருக்காது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே அரசின் மறுமுகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க நடனத்தை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றவரும் அமைச்சராக இருந்தவருமான கெய்த்தா ஃபொதேபா, அதே 1969-இல் போய்ரோ சிறைமுகாமில் கொல்லப்பட்டார். எந்தப் பாட்டு தேசத்தின் பாட்டு என்பதையும் ஆட்சியே முடிவு செய்தது. அரசு நிறுவனமான சிலிஃபோன் வெளியிட்ட இசைத்தட்டுகளில் மனிங்கா மொழிப் பாடல்களே மிகுதி. நாட்டின் மிகப் பெரிய இனங்களுள் ஒன்றான ஃபுலா மக்களின் மொழிக்கு அவற்றில் கிடைத்த இடம் மிகச் சிறிது. 1984-இல் செக்கு தூரே மறைந்து இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், அவரையும் அவரது கட்சியையும் போற்றிய பாடல்கள் ஒலிபரப்பிலிருந்து ஒதுக்கப்பட்டன. பாடல்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாறினார்கள், மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று மேலிருந்து தீர்மானிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இதனால்தான் இசைத்தட்டுகளை விட உங்கள் ஒலிநாடாக்கள் முக்கியமானவை என்கிறேன். 1985 ஜூலையில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் வானொலி நிலையம் தாக்கப்பட்டபோது அவை அழிந்துவிட்டதாகவே பலர் எண்ணியிருந்தார்கள். 2008-இல் தொடங்கி ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிரேம் கவுன்சல், உங்கள் ஊழியர்களின் துணையோடு, பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தின் கீழ் அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றினார்; 9,410 பாடல்கள் மீண்டன. தட்டில் ஏறவே வாய்ப்புப் பெறாத ஃபூத்தா ஜலோன் மலைப்பகுதியின் ஃபுலா பாடல்களும் அவற்றுள் உண்டு.

அந்தப் பாடல்களை வெளிநாட்டில் இருப்பவர்கள் இலண்டனிலுள்ள அந்தப் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையதளம் வழியே கேட்க முடிந்தது. 2023 அக்டோபரில் அந்நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் சேவைகள் பல நீண்ட காலம் முடங்கின. ஒரு நாட்டின் குரல் வேறொரு நாட்டின் கணினியை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது கவலையோடு எண்ணினேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த 9,410 பாடல்களையும் கொனாக்ரியில் மட்டுமின்றி லாபே, கன்கான், ன்செரெகோரே ஆகிய ஊர்களிலும் பொதுமக்கள் கட்டணமின்றிக் கேட்க வழி செய்யுங்கள். கட்சிப் புகழ் பாடல்களை நீக்காதீர்கள். எந்த ஆண்டில், யாருக்காகப் பாடப்பட்டன என்ற குறிப்போடு அவற்றையும் வையுங்கள். குழுவின் பெயரோடு நின்றுவிடாமல், வாசித்தவர், பாடியவர் பெயர்களையும் பதிவு செய்யுங்கள். அவர்களை நேரில் அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டதால் இந்த வேலையை முதலில் தொடங்குவது நல்லது. அப்பாடல்கள் விற்பனைக்குச் செல்லுமானால், கலைஞர்களின் குடும்பங்களுக்கு உரிய பங்கு சேர்வதை உறுதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
கினி இசையின் தமிழ் நேயன் ஒருவன்