பொத்தானை அழுத்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கூரையைத் திறந்து மூடக்கூடிய கன்வெர்ட்டிபிள் கார்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாவது தடவை நான் படித்தது சரிதானா என்று பார்த்துக்கொள்ள. "துணிக் கூரை கிழியும், ஒழுகும், உலோகக் கூரையில் அந்தத் தொல்லை இல்லை, பொத்தானை அழுத்தினால் போதும். பழுதாகிறது என்பவர்கள் பெரும்பாலும் சரியாகப் பராமரிக்காதவர்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 11 வருடமாக மடங்கும் உலோகக் கூரை உள்ள காரை வைத்திருக்கிறேன், ஒரு சர்வீஸைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. என் கார் கூரையும் பழுதானது. அப்படியானால் நானும் பராமரிக்காதவன்தானா?

அந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிகள் இறங்கும். கூரை இறங்கும் இடத்துக்குச் சாமான் வராமல் டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு சுவிட்ச் பார்க்கும். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்கும், முன்கண்ணாடிச் சட்டத்தைக் கவ்வியிருக்கும் கொக்கிகள் விடுபடும், கூரை இரண்டாகவோ மூன்றாகவோ மடிந்து உள்ளே இறங்கும், மூடி மறுபடி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் முடிந்துவிட்டது என்று ஒரு சென்சார் சொன்னால்தான் அடுத்த கட்டம் தொடங்கும். ஒன்றிடமிருந்து தகவல் வராவிட்டால் எல்லாமே அங்கேயே நின்றுவிடும். அப்படி நிறுத்துவது தப்பில்லை, நிறுத்தாவிட்டால் கூரைத் தகடும் டிக்கி மூடியும் மோதிக்கொள்ளும். ஆனால் எந்த இடத்தில் நிற்கும் என்பது நம் கையில் இல்லையே.

எனக்கு எங்கே நின்றது என்று சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம், கூரையைத் திறந்துகொண்டு போகும்போது தூறல் போட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, மூடும் பொத்தானை அழுத்தினேன். டிக்கி மூடி திறந்தது, மடிந்திருந்த கூரை மேலே எழும்பி, பாதி விரிந்து, தலைக்கு மேல் செங்குத்தாக நின்றுவிட்டது. எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் பம்பின் சத்தமும் நின்றுபோனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, இதை இப்படியே ஓட்டிக்கிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாள். முடியாது. பின்னால் ஒன்றும் தெரியாது, காற்று பிடித்தால் கீல்கள் வளைந்துவிடும். நாலைந்து நிமிடத்தில் மழை வலுத்தது. அதைவிடப் பயம் என்னவென்றால், எண்ணெய் அழுத்தம் குறையக் குறைய அத்தனை கனமான கூரை கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே கீழே சரிய ஆரம்பித்தது. மகளை வெளியே வரச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். ஒரு கையால் கார் கையேட்டைப் புரட்டினால், கூரை பாதியில் நின்றால் சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று ஒரே வரிதான் இருந்தது. கொட்டும் மழையில் அதை எப்படி அணுகுவது?

சரி, அணுகினேன். பம்ப் போய்விட்டது, சிலிண்டர்களோடு முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். டிக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் கசிவு இல்லை, கூரை நிற்கும் வரை பம்ப் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது, அப்புறம் எப்படிப் பம்ப் போயிருக்கும் என்று கேட்டதற்கு, ஸ்கேனர் அப்படித்தான் காட்டுகிறது என்று முகம் பார்க்காமல் பதில் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் பம்ப் பக்கமே போகவில்லை. டிக்கி மூடியைத் தூக்கச் சொல்லி, கீல் ஓரமாக வளைந்து போகிற வயர் கட்டைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். சென்சார் தகவல் போகிற ஒரு மெல்லிய வயரில் விரல் நின்றது. மேல்தோல் முழுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. பிளேடால் கீறிக் காட்டினார், உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனை பச்சை பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு தடவை மூடி திறந்து மூடும்போதும் அதே இடத்தில் மடங்கி மடங்கி நைந்துபோன வயர் அது. வளைந்து கொடுக்கிற வயராக ஒரு சாண் சேர்த்து, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினார். அன்றைக்கு எழும்பிய கூரை இன்றுவரை ஒரு நாளும் நிற்கவில்லை.

இதில் நான் பராமரிக்காதது எது என்று தாங்களே சொல்லுங்கள். மடங்குகிற இடத்தில் போகும் வயர் நையும் என்பது அதை அங்கே போட்டவர்களுக்குத் தெரியாதா? எந்த சர்வீஸ் அட்டவணையிலாவது அந்த வயரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி உண்டா? நான் தேடிவிட்டேன், என் காரின் அட்டவணையில் இல்லை.

எழுத உட்கார்ந்துவிட்டதால் மனதில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்பு கார் கழுவுவது பற்றி எழுதியபோது, கன்வெர்ட்டிபிள் கூரையின் இணைப்புகளை அழுத்தத் தண்ணீரால் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் ஐயா. உலோகக் கூரையில் தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் பீடிங்தான் தண்ணீரைத் தடுக்கிறது. ஃபோக்ஸ்வேகன் இயோஸ் மாதிரி ஐந்து துண்டுக் கூரை என்றால் எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள். அந்த ரப்பரை மென்மையான துணியால் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸை மெல்லியதாகத் தடவ வேண்டும், தண்ணீர் வடியும் துளைகளில் இலைதழை அடைக்காமல் பார்க்க வேண்டும். அழுத்தத் தண்ணீர் அடித்தால் அது ரப்பரைத் தாண்டி உள்ளேதான் போகும். அதற்கு அப்போதே கடிதம் எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. பழைய கார் வாங்குவது பற்றிய கட்டுரையிலும் கூரையை "ஒரு முறை திறந்து மூடிப் பார்க்கவும்" என்று முடித்துவிட்டீர்கள். ஒரு முறை எல்லாக் கூரையும் திறக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போதும் வெயிலில் காய்ந்த பிறகும் பார்க்க வேண்டும், டிக்கி விரிப்பைத் தூக்கி எண்ணெய்க் கறையும் ஈரமும் இருக்கிறதா என்று தடவ வேண்டும்.

கூரை திறக்க எத்தனை விநாடி என்று மட்டும் தவறாமல் போடுகிறீர்கள். 1996இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே 25 விநாடி, அதற்குப் பத்து வருடம் கழித்து வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஹார்ட்டாப் 12 விநாடி, எனக்கும் மனப்பாடம். புது வண்டியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. அதே கூரை பத்தாவது வருடத்தில் என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்து எழுதியிருக்கிறீர்களா? இது நேற்றைக்கு வந்த கவலையும் இல்லை. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு விற்ற, இதே மாதிரி மடங்கும் உலோகக் கூரை உள்ள ஸ்கைலைனரில் கம்ப்யூட்டரே கிடையாது, ரிலேக்களும் சுவிட்சுகளும் மோட்டார்களும் 600 அடிக்கு மேல் வயரும்தான். மூன்று வருடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பிஎம்டபிள்யூ 2018இல் இசட்4க்கும் 2020இல் 4 சீரிஸுக்கும் துணிக் கூரைக்கே திரும்பிவிட்டது, 2021இல் மெர்சிடிஸ் எஸ்எல்லும் அதே வழியில் போனது. எடையும் டிக்கி இடமும் காரணம் என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணியைப் பற்றி அவ்வளவு இளக்காரமாக எழுதும் முன் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். துணிக் கூரையிலும் பம்பும் சென்சாரும் உண்டுதான், ஆனால் பாதியில் நின்றால் இறங்கிச் சரிவது இவ்வளவு கனமான உலோகம் இல்லையே.

உலோகக் கூரை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். மூடிவிட்டால் சாதாரணக் கார் மாதிரி அமைதி, வெளியே நிறுத்தினாலும் யாரும் கத்தியால் கிழிக்க மாட்டார்கள். பிடித்ததால்தான் 11 வருடம் வைத்திருக்கிறேன், பிடித்ததால்தான் இந்தக் கோபம்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனி எந்த கன்வெர்ட்டிபிளைப் பற்றி எழுதினாலும், கூரை பாதியில் நின்றால் கையால் எப்படி மூடுவது என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். பம்பின் அழுத்தத்தை விடுவிக்கும் திருகு எங்கே இருக்கிறது, அதைத் திருப்ப எந்த அளவு அலன் கீ (அறுகோணச் சாவி) வேண்டும், எத்தனை பேர் பிடிக்க வேண்டும், கைவிரல் எங்கே மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கால் பக்கம் போதும். என் காரில் அந்தத் திருகு டிக்கியின் பக்கவாட்டு விரிப்புக்குப் பின்னால் இருந்தது, அதை எனக்குச் சொன்னது அந்த எலக்ட்ரீஷியன். அந்த "பராமரிக்காதவர்களே" வரிக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்