நெல்லைக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும், தென்மாவட்டப் பயணத் திட்டம் போடும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறும் வெளியூர்க்காரர் விடிந்ததும் ஜங்ஷனில் இறங்குகிறார். ஒரு காபி குடிக்கிறார். வாசலில் வேன் தயாராக நிற்கும். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று மூன்று நாள் சுற்றிவிட்டு அதே ஜங்ஷனுக்குத் திரும்புகிறார். ரயில் வருவதற்குள் ஒரு கிலோ அல்வா வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேட்டால் "திருநெல்வேலி போயிருக்கேன்" என்பார். அவர் பார்த்தது நடைமேடையும் இனிப்புக் கடையும்தான்.

பார்க்க எதுவும் இல்லாத ஊர் அல்ல இது. இருப்பவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவராத நேரத்தில் திறந்து மூடுகின்றன, அதுதான் கோளாறு. எனவே நாங்கள் கேட்பது புதுப் பூங்காவோ, செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயர் பொறித்த எழுத்துகளோ அல்ல. கடிகாரம் பார்த்துப் போட்ட ஒரு திட்டம் போதும்.

முதலில் ஊரின் அமைப்பு. டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று மூன்று துண்டுகள். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே தண்டவாளமும் ஈரடுக்கு மேம்பாலமும். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணி. வெளியூர்ப் பேருந்துகளின் புதிய நிலையமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேய்ந்தான்குளத்தில். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அறை" என்று இணையத்தில் பதிவு செய்பவர் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்வரவே அரை நாளைத் தொலைப்பார். ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ தங்கவையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் டவுன் பஸ் உண்டு. வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நடந்தே வரலாம். 1843-இல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த அந்த முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. இதைச் சொல்ல அங்கே ஒரு நல்ல பலகை வேண்டும்.

முதல் நாள் ஊருக்குள். காலையில் குறுக்குத்துறை. ஆற்றுக்குள் பாறைமேல் நிற்கும் முருகன் கோயில், வெள்ளத்தைக் கிழிக்கத் தோதாக முன்புறத்தைப் படகின் மூக்குப்போல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வடிந்ததும் சேற்றை வழித்துவிட்டுப் பூசை தொடரும். ஐப்பசி, கார்த்திகையில் அணைத் திறப்பு அறிவிப்பைப் பார்க்காமல் யாரையும் இங்கே குளிக்க அனுப்ப வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்று, சாக்கடை ஆற்றில் கலப்பதை நிறுத்தாமல் படித்துறைக்கு டைல்ஸ் ஒட்டுவது வீண் செலவு.

எட்டு, எட்டரைக்குள் நெல்லையப்பர் கோயிலுக்குள் போய்விட வேண்டும். நண்பகல் தாண்டி நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் தனித்தனி, நடுவில் சங்கிலி மண்டபம். நடராசரின் தாமிர சபையையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். மணிமண்டபத்து இசைத்தூண்களை வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள். கல் எத்தனை காலம் தாங்கும்? ஒவ்வொரு தூணின் ஓசையையும் பதிவுசெய்து, கைபேசியில் கேட்கும்படி ஒரு கியூஆர் பலகை வைத்துவிட்டால் தட்டுகிற கை அடங்கும்.

மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. வியாழன் இரவு ரயிலில் கிளம்பும் வார இறுதிக் கூட்டம் சரியாக அந்த நாளில்தான் வந்து இறங்குகிறது! வெள்ளி வருகிறவர்களுக்கு இந்த வரிசையை மாற்றிப் போடுங்கள். இருட்டியதும் டவுன் ரதவீதிகள், பிறகு அல்வா. பெட்டியில் கட்டியதை வாங்குவதைவிட, 100 கிராம் சூடாக வாங்கி நின்றபடியே தின்பதுதான் முறை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, தெளியவைத்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் வேலையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க ஒரே ஒரு கடை இடம் கொடுத்தாலும் போதும், கூட்டம் தானாக நிற்கும்.

இரண்டாம் நாள் கிழக்கே. திருச்செந்தூர் சாலையில் 12, 13 கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். இங்கேதான் வழக்கமாகத் தவறு நடக்கிறது. டிபன் முடித்து ஒன்பதரைக்குக் கிளம்பும் வேன் முதலில் பழங்கால ஈமத்தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூருக்கு ஓடுகிறது. திரும்பும் வழியில் ஒரு மணிக்குக் கிருஷ்ணாபுரத்தில் நின்றால் கதவு பூட்டியிருக்கும். வரிசையைத் திருப்பினால் தீர்ந்தது. அரசகுமாரியைத் தூக்கிப்போகும் குறவன், அரசகுமாரனைச் சுமக்கும் குறத்தி, கர்ணன், ரதி என்று ஒவ்வொரு தூணிலும் ஆளுயரச் சிலை. விலா எலும்பும் நரம்பும் எண்ணலாம். கதை சொல்ல ஆள் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள், ஆள் இருந்தால் ஒரு மணி நேரம் நகரமாட்டார்கள். பயிற்சி பெற்ற இரண்டு உள்ளூர் வழிகாட்டிகள், காலையில் மட்டும், இருந்தால் போதும்.

ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பறம்பு (மேட்டு நிலம்). தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டிய இடம். தாழிகளை எடுத்த குழியிலேயே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டு, நடந்து பார்க்கும்படி 2023-இல் தள அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்டெடுத்த பொருள்களை விளக்கமாகப் பார்க்க ரெட்டியார்பட்டியிலுள்ள பொருநை அருங்காட்சியகம். குழி ஓரிடம், பொருள் ஓரிடம். இரண்டையும் இணைத்து ஒரே நாளில் ஓடும் சிற்றுந்து ஒன்று விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் மாவட்ட எல்லை குறுக்கே நிற்கிறது. ஆதிச்சநல்லூரும் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களும் தூத்துக்குடி மாவட்டம், 1986-இல் பிரிந்தது. குற்றாலம் தென்காசி மாவட்டம், 2019-இல் பிரிந்தது. மாவட்டவாரியாகக் கையேடு அச்சடித்தால் நெல்லைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பயணிக்கு வட்டமும் தாலுகாவும் எதற்கு? பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை ஆற்றை வைத்து ஒரே கையேடு போடுங்கள், எட்டு அணைக்கட்டுகளையும் குறித்து.

மேற்கே போவதற்கு செங்கோட்டை பாசஞ்சரே போதும், வேன் வேண்டாம். சேரன்மகாதேவியில் இறங்கிப் பஸ் பிடித்தால் பத்தமடை. "பட்டுப்பாய்" என்றதும் பட்டு நூல் போட்டது என்று நினைக்கிறார்கள். அது கோரைதான், மென்மையால் வந்த பெயர். ஆற்றோரக் கோரையைப் பச்சையிலேயே கீறி உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பிய பின் எடுத்துக் காயவைத்து, மறுபடி நூலிழைபோல் கிழித்துச் சாயம் ஏற்றி நெய்வது. நூறு பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) மேல் போன பாயைத் துணிபோல் மடிக்கலாம். சாதாரணப் பாயை அப்படி மடித்தால் முறியும். வாங்குகிறவர் மடித்துப் பார்த்து வாங்கட்டும். நயமான பாய்க்கு வாரக்கணக்கில் வேலை, போன உடனே கையில் கிடைக்காது. முன்பதிவு முறை வேண்டும். தறி கிடப்பது பெண்கள் வேலை செய்யும் வீட்டுத் தாழ்வாரத்தில், ஆகவே ஒரு நேரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். ஐம்பது பேர் பஸ் வந்து நின்றால் அன்றைய நெசவு கெட்டுவிடும்.

கடைசியாகக் கூந்தன்குளம். பறவைகள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும் ஊர். அவற்றுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். தை முதல் வைகாசி வரை போகலாம், ஆனால் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து சேராத வருடம் கூட்டம் ஏமாந்து திரும்புகிறது. ஆகவே, ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளத்து நீர்மட்டத்தையும் வந்திருக்கும் பறவைகளையும் உங்கள் இணையதளத்தில் இரண்டு வரியில் போடுங்கள். அதையே ஒரு சாக்பீஸால் ஜங்ஷன் ரயில் நிலைய வாசலிலும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைக்காரர்கள்