கணக்கு நோட்டில் ஏறாதவர்களுக்கு

அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே, லைன் வீட்டுப் பாட்டிமாரே,

நேற்றுதான் சட்டமன்றத் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்தேன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காமல் விட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க விடமாட்டார்கள். அந்த நோட்டில் வெள்ளைத் தாள் தினசரிச் செலவுக்கு, ரோஸ் தாள் ரொக்கத்துக்கு, மஞ்சள் தாள் வங்கிக்கு. ஓசியில் ஒருவர் ஜீப் கொடுத்தால்கூட அதற்கு ஒரு வாடகை மதிப்புப் போட்டு எழுத வேண்டும். 40 லட்சம் வரை செலவு செய்யலாமாம். நம்முடையது ஒரு லட்சத்தைத் தொடவில்லை என்பதால் இரண்டு ராத்திரியில் எழுதி முடித்துவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால், மூன்று நிறத் தாளிலும் இடம் கிடைக்காத ஆட்கள் நிறையப் பேர் மிச்சம். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முடிவு உங்களுக்குத் தெரியும். நோட்டாவைத் தாண்டினேன், டெபாசிட்டைத் தாண்டவில்லை. பத்மநாபபுரம் தொகுதியில் சுயேச்சையாக நிற்கும் தையல்காரிக்கு ஆறில் ஒரு பங்கு ஓட்டு விழும் என்று நானும் கனவு காணவில்லை. ஆனாலும் நாகர்கோவில் கோணம் என்ற இடத்தில் ஓட்டு எண்ணிக்கை முடிந்து வெளியே வந்தபோது அழுதுவிட்டேன். ஓட்டுக்காக இல்லை. அந்தப் பத்தாயிரத்துக்காக.

அந்தப் பணம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழ் கையில் இருந்திருந்தால் டெபாசிட் 5,000 கட்டினால் போதும். சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். அம்மா பிறந்த ஊர் அட்டன் என்று இருக்கிறதே, அந்த ஊர் எந்தத் தாலுகா என்று கேட்டார்கள். ஐந்தாவது தடவை போக நாள் இல்லை. அன்று சாயங்காலம் ரப்பர் தோட்டத்து அக்காமார் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேலே வைத்தார்கள். பால் வெட்டப் போகும் கையால் கொடுத்த பணம். தக்கலையில் கட்டும்போது பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டு ரப்பர் பாலில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே வந்தன. எண்ணியவர் நகத்தால் மெதுவாகப் பிரித்து, விரலை மோந்து பார்த்துவிட்டு, முதலில் இருந்து மறுபடியும் எண்ணினார்.

சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒன்பது கையெழுத்து இரண்டு நாளில் கிடைத்தது. பத்தாவது, கப்பல் பாட்டி. எனக்குச் சொந்தப் பாட்டி இல்லை, என் அம்மாயியோடு தலைமன்னாரில் ஒரே கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமிலும் பக்கத்துப் பக்கத்துப் பாய். எங்கள் லைனில் இந்தக் கப்பல் சொந்தம் ரத்த சொந்தத்துக்கு ஒரு படி மேல்.

பாட்டிக்குக் கையெழுத்து வராது. கைநாட்டு என்றால் அதிகாரி முன்னாலேயே வைக்க வேண்டும் என்று விதி. பேச்சிப்பாறையில் இருந்து குலசேகரம், அங்கிருந்து தக்கலை. பஸ் வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம், அதில் ஒருவராக அவரைக் கூட்டிப் போனோம். மை பேடில் பெருவிரலை அழுத்தி வைத்தால் தாளில் வெறும் கறுப்பு வட்டம். ரேகையே இல்லை. முதலில் தேயிலைக் கொழுந்து, அப்புறம் ரப்பர் பால், ஷீட் அடிக்கும் ஆசிட். அந்த விரலை ரேஷன் கடை மெஷினே பல மாதம் ஏற்காது. அதிகாரி எழுந்து வந்து, தன் கைக்குட்டையால் பாட்டியின் விரலைத் துடைத்து, மையைக் கம்மியாகத் தொட்டு, பக்கவாட்டில் உருட்டி வைத்தார். ஓரத்தில் நாலைந்து கோடு விழுந்தது.

பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "கண்டி ஆபீசுலயும் இதே வெரலத்தான் வச்சேன் தம்பி. அப்ப நல்லா விழுந்துச்சு" என்றார்.

கண்டியில் அவர் வைத்தது இந்தியாவுக்கு வரும் தாளில். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கையில் 3,00,000 பேர். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் கூறு கட்டுகிற மாதிரிதான். தான் எந்தக் கூறில் விழுந்தேன் என்று பாட்டிக்கு இன்றைக்கும் தெரியாது. அங்கே இருந்தபோது இந்தியாக்காரி, இங்கே வந்த பிறகு சிலோன்காரி. கைக்குட்டையைப் பாழாக்கிக்கொண்ட அந்த அதிகாரிக்கு என் முதல் நன்றி. பெயர் போட்டால் அவருக்குச் சிக்கல் வரலாம்.

அடுத்து டீச்சர். பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகு வேட்புமனு நிரப்பவும் சொல்லிக் கொடுத்தார். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடச் சும்மா விடக் கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுத வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினோம். வெளிநாட்டுச் சொத்து என்ற கட்டம் வந்ததும் கப்பல் பாட்டி திண்ணையில் இருந்து குரல் கொடுத்தார். "நம்ம லயத்துக்குப் பின்னால ஒங்க அம்மாயி ஒரு கொய்யா மரம் நட்டாளே, அத எழுது." டீச்சர் சிரிக்கவில்லை. மதிப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டார்.

நிற்கலாமா வேண்டாமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். 1957-இலேயே கொளச்சல் தொகுதியில் லூர்தம்மாள் சைமன் ஜெயித்து, காமராஜர் மந்திரி சபையில் உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத நேரத் தேர்தல் அது. "அப்பவே அது நடந்தாச்சு மக்களே, நீ என்ன இப்ப யோசிச்சிட்டு இருக்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் கேட்பார்கள். முதலாவது தையல் இயந்திரம் எழுதினேன், குலுக்கலில் இன்னொருவருக்குப் போய்விட்டது. மூன்றாவதாகச் சும்மா எழுதிய பலாப்பழம் கிடைத்தது. நோட்டீஸில்தான் பலாப்பழம், எங்கள் ஊர்ப் பேச்சில் அது சக்கைதான். "சக்கைக்குக் குத்துங்க" என்று சொல்லிக்கொண்டு போனால் வெளி மாவட்டத்தில் இருந்து வந்திருந்த போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, திட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். சீசன் வேறு. போன வீட்டில் எல்லாம் ஒரு சக்கையைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிடுவார்கள். பறக்கும் படை நிறுத்திப் பார்த்தபோது ஆறு இருந்தது. வாக்காளருக்குக் கொடுக்கவா என்று கேட்டார்கள். வாக்காளர் கொடுத்தது என்று ஜீப் அண்ணன் விளக்கிப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஆறும் ஒன்றுக்கு 60 ரூபாய் மதிப்பில் வெள்ளைத் தாளில் ஏறிவிட்டன. ஜீப் அண்ணனின் முக்கால் மணி நேரம் ஏறவில்லை.

அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை ஆலை, அக்காமாருக்கு என்ன சொல்ல? சாப்பாட்டு மணியில் அரை மணி நேரம் எனக்காக வாசலில் நின்றீர்கள். நோட்டீஸை வாங்கிய விரல் எல்லாம் அண்டிப் பாலில் கறுத்து இருந்தது. கப்பல் பாட்டியின் கைநாட்டுக் கதையைச் சொன்னதும் ஒரு அக்கா விரலை நீட்டி, "எங்களுக்கும் மெஷின்ல விழாது புள்ளே" என்றார். அன்றைக்குப் பேசவேண்டும் என்று எழுதி வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டு நின்றோம். என் பிரச்சாரத்திலேயே உருப்படியான அரை மணி நேரம் அதுதான் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

குலசேகரம் சந்தையில் நடந்ததைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். டீக்கடை அண்ணனுக்கு நன்றி சொல்ல வேறு வழி இல்லை. ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சிலோன்காரிக்கு இங்க எதுக்கு ஓட்டு?" என்றார். நான் பிறந்தது தக்கலையில் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சாயா ஆற்றிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "ஓய், ரப்பர் எந்த ஊரு மரம்? பிரேசிலு. மரச்சீனிக் கெழங்கு எந்த ஊரு? அதுவும் அங்கதான். பேச்சிப்பாறை டேமைக் கெட்டுன மூக்கன் தொரை எந்த ஊரு? சரி, அதெல்லாம் விடும். 1956 நவம்பர் ஒண்ணுக்கு முன்ன நீரும் நானும் எந்த ஸ்டேட்டு?" கேட்டவர் சாயாவைக் குடித்தார். சீனி பத்தாது என்றார். அண்ணன் இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தார். அவர் ஓட்டு எனக்கு விழுந்திருக்காது, சந்தேகமே இல்லை. ஆனால் அப்புறம் ரோட்டில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார்.

அணைக்கு அக்கரைக்கு என்னைப் படகில் கொண்டுபோன அண்ணனுக்கும், கட்டன்சாயாவும் மரச்சீனியும் தந்த காணிப் பழங்குடி அக்காமாருக்கும் நன்றி. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு மனை வேண்டும் என்று நான் பேசியதை ஒருவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "நாங்க எங்கயிருந்தும் வரல்ல. எங்க வீட்டுக்கும் தாள் இல்ல" என்றார். அது எனக்கு ஒரு குட்டு. அன்றில் இருந்து பேச்சை மாற்றிக்கொண்டேன்.

பூத் ஏஜென்டாக உட்கார்ந்த பெண்களே, எல்லாப் பூத்துக்கும் ஆள் போட நமக்கு முடியவில்லை. இருந்த இடத்தில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அஞ்சரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு என்றதும் பெரிய கட்சிக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். நாலு மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற உங்களுக்கு அது விடிந்த பிற்பாடு. பட்டியலில் என் பெயருக்குக் கீழே நோட்டா மட்டும்தான் இருந்தது என்று ஒரு பூத்தில் கவலைப்பட்ட பாட்டாவிடம், "கடைசிக்கு முந்தினது, எண்ணிப் பார்க்க வேண்டாம், கீழே இருந்து தடவிப் பார்த்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பியது யார்? வாசலுக்கு நூறு மீட்டருக்கு வெளியேதான் சொன்னீர்கள் என்று நம்புகிறேன்.

என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் என் வாடிக்கையாளர்கள். சித்திரைக் கல்யாணத்துக்குக் கேட்ட பிளவுஸை வைகாசியில் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். இன்னும் பதினொன்று வெட்டியபடி கிடக்கிறது. அதில் மாம்பழக் கலர் சில்க் யாருடையது என்று சீட்டு விழுந்துவிட்டது, வந்து அடையாளம் சொல்லுங்கள். ஜீப்பில் விட்டுப்போன இரண்டு குடையும், ஒரு கண்ணாடிக் கூடும், எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றும் கடையில் பத்திரமாக இருக்கின்றன. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாசம் ஆயிரம் வீதம் திருப்பிப் போட ஆரம்பித்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்கள் வர வேண்டாம், பிளவுஸ் எடுக்க மட்டும் வாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடையில் இருப்பேன்.

உங்கள்
சக்கைச் சின்னத்துத் தையல்காரி