ஆர்ன்ஹெம் கட்டுரையில் விடுபட்ட பெல்ஜிய வீரர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் நடந்த சண்டை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அங்கிருந்த ரைன் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றும் முயற்சி தோற்றபின், ஜெர்மானியரிடம் சிக்காமல் ஒளிந்திருந்த பிரித்தானிய வீரர்கள் ஏறத்தாழ 140 பேர் 1944 அக்டோபர் 22ஆம் நாள் இரவு ரைன் ஆற்றைக் கடந்து தப்பிய ‘பெகாசஸ்’ நடவடிக்கையைக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். மேஜர் டிக்பி டேத்தம்-வார்ட்டரின் துணிவும், டச்சு மக்கள் தந்த அடைக்கலமும், மறுகரையிலிருந்து படகுகளோடு வந்த அமெரிக்கர்களின் உதவியும் உரிய இடம் பெற்றிருக்கின்றன. ஆனால், ஒளிந்திருந்தோரின் செய்திகளை வானொலி வழியே இங்கிலாந்துக்குச் சேர்ப்பித்த பெல்ஜியப் பாராசூட் படை அதிகாரி ஜில்பேர் சாடி-கிர்ஷெனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இதைச் சிறிய விடுபடல் என்று என்னால் கடந்துபோக இயலவில்லை.

1940 மே 28 அன்று பெல்ஜியம் சரணடைந்த பிறகும், போரிடும் உறுதியோடு பிரிட்டனை அடைந்தவர்களையும் கனடா வழியாக வந்து சேர்ந்த தொண்டர்களையும் கொண்டு, 1942 மே மாதம் மால்வெர்ன் அருகே ஒரு பெல்ஜியப் பாராசூட் கம்பெனி அமைக்கப்பட்டது. பல் மருத்துவம் பயின்றவரான எடி ப்ளொண்டேல் அதன் தலைவராகப் புகழ்பெற்றார். 1944 தொடக்கத்தில் அப்படை, எதிரியின் முனைக்குப் பின்னால் இயங்கும் பிரித்தானியச் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். படையணியில் சேர்க்கப்பட்டு, இரண்டு பிரித்தானிய, இரண்டு பிரெஞ்சு ரெஜிமென்ட்டுகளோடு ஐந்தாவது அங்கமாயிற்று. எதிரியின் முனைக்குப் பின்னால் குதிக்கும் இத்தகைய வீரர்கள் சீருடையில் பிடிபட்டாலும் கொல்லப்பட வேண்டும் என்று ஹிட்லர் 1942 அக்டோபரில் ஆணையிட்டிருந்தார். அது தெரிந்தும் அவர்கள் விமானம் ஏறினார்கள்.

கிர்ஷென் 1944 ஆகஸ்டில் மட்டும் இருமுறை பிரான்சில் குதித்தார். அவற்றுள் இரண்டாவதான ‘பென்சன்’ நடவடிக்கையில், சோம் ஆற்றங்கரையில் ஜெர்மானியப் படைகள் நிறுத்தப்பட்டிருந்த இடங்களைக் காட்டும் வரைபடம் அவருடைய சிறு குழுவின் கைக்குக் கிடைத்தது. அடுத்து, செப்டம்பர் நடுவில், ‘ஃபேபியன்’ நடவடிக்கைக்காக நால்வரோடு நெதர்லாந்தில் இறங்கினார். ஜெர்மானியரின் வி-2 ஏவுகணைத் தளங்களையும் படை நடமாட்டத்தையும் கண்டு தகவல் அனுப்புவதே இடப்பட்ட பணி. ஆர்ன்ஹெம் சண்டை தோல்வியில் முடிந்த பிறகு, அவருடைய வானொலிக் கருவி அங்கே சிதறிக் கிடந்த வீரர்களுக்கும் பற்றுக்கோடாயிற்று. பெகாசஸுக்குப் பின் அவர் நாடு திரும்பவும் இல்லை. நவம்பரில் நடந்த இரண்டாவது தப்பும் முயற்சி சிதைந்து, மிகச் சிலரே ஆற்றைக் கடக்க முடிந்த பிறகும், பசியால் மக்கள் மடிந்த அக்குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்தார். ஃபேபியன் நடவடிக்கை 1945 மார்ச்சில்தான் முடிவுற்றது.

ஒவ்வொரு முறை கருவியை இயக்கும்போதும், வானொலி அலை வரும் திசையை வைத்து மறைவிடத்தை எதிரி கண்டறியும் அபாயம் இருந்தது. அகப்பட்டால் அடைக்கலம் தந்த குடும்பமும் அழியும். எதிர்ப்பு இயக்கத்தினரின் ஒரு தாக்குதலுக்குப் பழிவாங்கலாக, அதே வட்டாரத்தின் பட்டன் என்ற ஊரிலிருந்து 1944 அக்டோபர் தொடக்கத்தில் 600-க்கும் மேற்பட்ட ஆண்கள் நாடு கடத்தப்பட்டார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. சுடுவதைவிடச் சுடாமல் மறைந்திருந்து பார்ப்பதற்கு எவ்வளவு மன உரம் வேண்டும் என்பதை இந்தச் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

முதல் உலகப்போரில், 1915இல், பிரசல்ஸ் நகரில் ஜெர்மானிய இராணுவ நீதிமன்றத்தின் முன் செவிலியர் எடித் கேவலுக்காக வாதாடிய வழக்கறிஞர் சாடி கிர்ஷென் ஜில்பேரின் தந்தை. அவர் வாதாடியும் அந்தப் பெண்மணி சுட்டுக் கொல்லப்பட்டார். நேச நாட்டு வீரர்கள் தப்பிச் செல்ல உதவினார் என்பதே கேவல் மீதான குற்றச்சாட்டு. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வழக்கறிஞரின் மகனும் அதே உதவியைத்தான் செய்தார்.

கட்டுரை நூலாக்கம் பெறவிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ‘பிரித்தானிய எஸ்.ஏ.எஸ்.’ என்று பொதுவாகக் குறிக்கப்பட்ட இடங்களில் பெல்ஜியப் பிரிவைத் தனியே சுட்டி, பெகாசஸ் பகுதியில் கிர்ஷெனின் பணியையும் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.