பாத எலும்பு ஒட்டிப்போன நம்ம பிள்ளைங்களுக்கு ஆம்பூர்ல ஒரு ஷூ பட்டறை – நன்கொடை கேட்டு வர்றோம்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூர் சுத்துவட்டாரத்துல இருக்கற பெத்தவங்க சேர்ந்து வச்சிருக்கற கமிட்டி சார்புல எழுதறோம். பிறவியிலயே பாத எலும்பு ஒட்டிப்போன பிள்ளைங்களுக்கு அளவெடுத்து ஷூ தைக்க ஒரு பொது பட்டறை போடப் போறோம், அதுக்கு உங்க கை வேணும்.

இந்தக் கமிட்டி ஆரம்பிச்சதே ஸ்பாண்டிலோகார்போடார்சல் சினாஸ்டோசிஸ்னு ஒரு அபூர்வ நோயாலதான். முதுகெலும்பு, மணிக்கட்டு, பாதம்னு மூணு இடத்துலயும் தனித்தனியா இருக்க வேண்டிய எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், முதுகெலும்பு ஒட்டிப்போறதால உடம்பு நீளாம பிள்ளை குள்ளமாவே நிக்கும், சிலருக்கு முதுகு ஒரு பக்கமா வளையும், காது மந்தமாகும், அண்ணம் பிளந்து பிறக்கறதும் உண்டு. எஃப்எல்என்பின்னு (FLNB) ஒரு ஜீன் அப்பா வழில ஒண்ணு அம்மா வழில ஒண்ணுன்னு ரெண்டுமே பழுதா வந்தாதான் பெரும்பாலும் இது வரும், இந்த ஜீன்தான் காரணம்னு 2004லதான் கண்டுபிடிச்சாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் நல்லாதான் இருப்பாங்க, ஆனா ஒவ்வொரு பிரசவத்துலயும் 25 சதவீதம் வாய்ப்பு இருக்கு, சொந்தத்துல முடிச்சா இந்த மாதிரி ஜீன் ரெண்டு பக்கமும் சேர்ற வாய்ப்பு கூடும். அதுக்காக "உன் வயித்துலதான் கோளாறு"ன்னு தாயை மட்டும் பேசற வீடுங்களைப் பாத்தா வயிறு எரியுது, தயவுசெஞ்சு பேசாதீங்க. ஹார்மோன் குறைஞ்சு வர்ற குள்ளமும் இல்ல இது, ஊருக்குள்ள விக்கற உயரம் வளர்ற பவுடருக்கு காசைக் கொட்டாதீங்க.

ஏன் ஷூன்னு கேப்பீங்க. குதிகால்ல இருந்து நடுப்பாதம் வரைக்கும் 7 எலும்பு இருக்கு, மேடு பள்ளத்துல கால் வைக்கறப்போ அதுங்க ஒண்ணு மேல ஒண்ணு லேசா அசைஞ்சு குடுக்கறதாலதான் நாம விழாம நடக்கறோம். அது ஒட்டிப்போச்சுன்னா பாதம் ஒரே பலகை மாதிரி ஆயிடும், அசைய வேண்டியதெல்லாம் கணுக்கால் மேல ஏறும், சும்மா தெருவுல நடந்தாலே பிசகும். எங்க கூட இருக்கற ஒரு பொண்ணு ரெண்டாவது படிக்குது, அது வயசு சைஸ் ஷூ வாங்கினா நீளம் நிறைய, அகலம் பத்தாது, அவங்கம்மா முன்னாடி பழைய துணியைத் திணிச்சுப் போட்டு அனுப்பறாங்க, சாயங்காலம் கழட்டினா சுண்டுவிரல் பக்கம் தோல் உரிஞ்சிருக்கு, அடியில ஒரு ஓரம் மட்டும் தேஞ்சு போயிருக்கு. உள்ள சரியான இன்சோல் (பாதத்துக்கு அடியில வைக்கற மெத்தை), குதிகாலை இறுக்கிப் புடிக்கற அப்பர் (ஷூவோட மேல்பாகம்), கொஞ்சம் வளைஞ்ச அடி, இவ்ளோ போதும், வலி நல்லாவே குறையும். பிள்ளை வளர வளர மாத்தணும், அங்கதான் ஏழை வீடு தோத்துப் போகுது.

உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்பற ஊரு நம்மளது! கம்பெனில லாஸ்டிங் (கால் அச்சு மேல தோலை இழுத்துப் பொருத்தற வேலை), அப்பர் தையல் பாத்து ரிட்டயர் ஆன அண்ணன்மாருங்க, அக்காங்க கூலி வேணாம், நாங்க வந்து தைக்கறோம்னு சொல்லியிருக்காங்க. இடமும் கிடைச்சாச்சு. தையல் மெஷின், கிரைண்டிங் மெஷின், எம்.சி.ஆர். ஷீட் (மெத்துன்னு இருக்கற ரப்பர் ஷீட்), காலை அச்செடுக்க பிளாஸ்டர், வாரத்துல ஒரு நாள் வந்து அளவு பாக்கற டெக்னீஷியனுக்கு சம்பளம், இதெல்லாம் சேர்த்து முதல் வருஷத்துக்கு 4 லட்சம் ஆகும்னு கணக்கு போட்டிருக்கோம். இந்த நோய் உள்ள பிள்ளைங்க ரொம்பக் கொஞ்சம்தான், அதனால வளைபாதம் உள்ள பிள்ளைங்களுக்கும் இலவசமா தைப்போம், சுகர் புண் உள்ள பெரியவங்களுக்கு அடக்க விலைக்கு.

இதோட சம்பந்தமில்லாட்டியும் ஒண்ணு சொல்லிடறோம், இந்த நோய் இருக்கற பிள்ளைக்கு பல்லு, காது, எந்த ஆபரேஷன்னாலும் மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி கழுத்து எலும்பு உறுதியா இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. உயரம் 147 சென்டிமீட்டருக்குள்ள நின்னுட்ட பெரியவங்க 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல வருவாங்க, மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப்போட கமிட்டி ஆளுங்க கூட வருவாங்க.

பணம் குடுக்கறவங்க பொருளாளர்கிட்ட ரசீது வாங்காம போகாதீங்க, 100 ரூபாயா இருந்தாலும் சரி. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கற பதிவு (80ஜின்னு சொல்றது) இன்னும் வாங்கல, அதை முன்னாடியே சொல்லிடறோம். ஜகாத் (முஸ்லிம்கள் ஏழைங்களுக்குன்னு கடமையா குடுக்கறது) பணம்னா தனியா சொல்லிடுங்க, அதை மெஷினுக்கு எடுக்க மாட்டோம், கஷ்டப்படற வீட்டுப் பிள்ளைங்க ஷூவுக்கு மட்டும்தான் போகும். மாசா மாசம் வரவு செலவை குரூப்ல போட்டுடுவோம். பணம் முடியாதவங்க மிச்சமான லைனிங் தோல், ஈவா ஷீட் (ஷூ அடிக்குப் போடற ஃபோம்), பழைய லாஸ்ட் (ஷூ தைக்கற கால் அச்சு) இருந்தா குடுங்க, சின்னப் பிள்ளைங்க சைஸ் லாஸ்ட்தான் ரொம்பத் தட்டுப்பாடு, யார் குடோன்லயாவது கிடந்தா சொல்லுங்க, நாங்களே வண்டி எடுத்துட்டு வந்து ஏத்திக்கறோம்.