அரூரில் இருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

நடந்ததை மறந்துவிட்டு ஆக வேண்டியதைப் பார் என்று ஊரே உனக்குப் புத்தி சொல்வதாக அம்மா சொன்னாள். மாப்பிள்ளை போய் மூன்று மாதம்தான் ஆகிறது. புத்தி சொல்கிறவர்களில் பாதிப் பேர், வளைகாப்புக்கு உன்னை அழைக்காமல் விட்டவர்கள். நீ எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமாம். உன் வெறும் நெற்றியை மட்டும் அவர்கள் மறக்க மாட்டார்களாம். நல்ல நியாயம்!

நான் உன்னை மறக்கச் சொல்லப்போவதில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குழந்தைகளைக்கூட விடாமல் சிறையில் அடைத்தார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே, 1995இல், விசாரணை சிபிஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

31 ஆண்டுகள்! அத்தனை காலமும் அவர்கள் அழுதுகொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? இடிந்த வீட்டுக்குக் கூரை போட்டார்கள். காட்டு வேலைக்கும் கூலிக்கும் போனார்கள், பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்ட நாளில் பஸ் ஏறிப் போய், கூண்டில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். மறந்துபோன ஒருத்தியால் அதைச் செய்திருக்க முடியாது. மன உறுதி என்று இதைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அந்தப் பெண்கள் தனியாக நிற்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூடவே நின்றன. உன்னை யாராவது 'தைரியமாக இரு' என்று சொன்னால், 'கூட வருகிறீர்களா' என்று கேள்.

அவர்கள் பட்டதும் நீ படுவதும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி மோதித் தக்காளி வண்டியோடு மாப்பிள்ளை போனதை 'விதி' என்று முடித்துவிட்டு, லாரிக்காரர் தரப்பு கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறாரே பெரியப்பா, அதற்கு மட்டும் தலையாட்டாதே. விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். பாதிக் காலம் ஓடிவிட்டது. வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை, நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்காதே. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மாப்பிள்ளையின் ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. வாரிசுச் சான்றிதழுக்கு நாளைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு.

இரவில் தூக்கம் வராமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசு. எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கும் பேசலாம், ஆனால் நான் உடனே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவேன், அவர்கள் கேட்பார்கள்.

திங்கட்கிழமை காலை கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி, பத்து மணிக்குத் தருமபுரி பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ வருகிற வழியில் தொப்பூர் குறுக்கிடாது, பயப்படாமல் வா. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிடு, அன்று முழுக்க அலைச்சல் இருக்கும். மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றாயாம். அதற்கு அடுத்த ஞாயிறு நானும் உன் அண்ணியும் வருகிறோம்.

உன் அண்ணன்